கொழும்பில் இருந்து ஓடியோ பிளகின் செய்து விற்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

ஓடியோ பிளகின் என்பது இசை மென்பொருளுக்குள் சேர்ந்து ஓடி, ஒலியை மாற்றும் அல்லது உருவாக்கும் சின்ன மென்பொருள். ஆம்ஸ்டர்டாமில் இருந்து அவற்றைச் செய்யும் ஃபேப்ஃபில்டரைத் தொடங்கியவர்கள் இரண்டே பேர். அறை முழக்கம் சேர்க்கும் வல்ஹாலா டி.எஸ்.பி. ரிவேர்ப்களுக்குப் பின்னால் இருப்பவர் ஷான் கொஸ்டெல்லோ. சீரம் சிந்தசைசர் ஸ்டீவ் டூடாவின் வேலை. இந்தத் துறையில் பெரிய பெயர்கள் பல, ஒன்றிரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்து தொடங்கியவைதான். விற்கும் சாமான் கோப்பாகப் போகிறது, சுங்கத்தில் நிற்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டின் அறையில் இருந்தும் செய்யலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சி பிளஸ் பிளஸ் தெரிந்த இளைஞர்கள் சத்தத்துக்கான கணக்கை எழுதி முடித்ததும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். என் கணிப்பில் அது மொத்த வேலையில் கால்வாசிகூட இல்லை. மீதி எல்லாம் சோதனை, கையொப்பம், காசு வாங்கும் வழி, வாங்கியவருக்குப் பதில் எழுதுவது. இந்த வழிகாட்டி அந்த மீதியையும் சேர்த்தே பேசுகிறது. ஓரளவு கோட் எழுதத் தெரிந்த, ஏதாவது ஓர் இசை மென்பொருளில் பாட்டு ஒன்றாவது செய்து பார்த்த ஆளுக்காக எழுதியது.

படி 1: எதைச் செய்யப் போகிறீர்கள்?

அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈகியூ, சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரசர், இரண்டும் வேண்டாம். கியூபேஸ், எஃப்.எல். ஸ்டூடியோ, லொஜிக் போன்ற இசை மென்பொருள்கள் எல்லாவற்றிலும் அவை இலவசமாகவே வருகின்றன. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃபேப்ஃபில்டரும் வேவ்ஸும் இருக்கின்றன. வேவ்ஸ் 1992இல் தொடங்கிய கம்பனி. அதன் முதல் பிளகினே ஓர் ஈகியூதான். அவர்கள் முப்பது வருடமாகத் தீட்டிய சாமானோடு நீங்கள் முதல் வெளியீட்டிலேயே மோத வேண்டாம்.

உங்கள் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் குறையைப் பாருங்கள். நான் இங்கே ஓர் உதாரணத்தையே கடைசிவரை கொண்டுபோகிறேன்: நடைக்கு (ஒரு அடியை எத்தனையாகப் பிரிப்பது என்ற கணக்கு) ஏற்ற டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்பத் திரும்பக் கேட்க வைப்பது). பெரும்பாலான டிலே பிளகின்களில் கால் நோட், எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று, புள்ளி வைத்தது, ட்ரிப்லெட் இவைதான் இருக்கும். நம் கர்நாடக இசைக் கணக்கில் திஸ்ரம் 3, சதுஸ்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. முதல் இரண்டும் அந்த மெனுவில் வந்துவிடும். கண்டத்துக்கும் மிஸ்ரத்துக்கும் கல்குலேட்டரை எடுத்து மில்லிசெக்கன் கணக்குப் பார்க்க வேண்டும். பாட்டின் வேகம் மாறினால் மறுபடியும் கல்குலேட்டர்.

இப்படி ஒரு குறையைத் தேர்ந்தால் இரண்டு நன்மை. மிருதங்கம் தெரிந்த யாரிடமும் போய் "இது சரியா?" என்று கேட்கலாம்; கொழும்பில் அதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை. அதைவிட முக்கியமானது, வாங்கப் போகிறவர் கர்நாடக இசைக்காரராக இருக்க வேண்டும் என்றில்லை. 5, 7 எண்ணிக்கையில் வாசிக்கும் மெட்டல் குழுக்காரருக்கும் எலெக்ட்ரொனிக் இசை செய்பவருக்கும் இதே குறைதான்.

முதல் பதிப்பில் என்ன இருக்கும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நடைத் தெரிவு, திரும்பும் அளவு, வடிகட்டி, கலவை அளவு, சொற்கட்டு அழுத்தம் (தக, தகிட போன்ற தாளச் சொற்களில் எழும்பும் இடங்கள்). ஐந்து போதும். தாளச் சக்கரம், சுருதிப் பெட்டி எல்லாம் இரண்டாம் பதிப்புக்கு.

படி 2: கருவிகள்

பிளகினுக்குப் பல வடிவங்கள் உண்டு. வி.எஸ்.டி. என்ற வடிவத்தை ஸ்டைன்பெர்க் 1996இல் கியூபேஸோடு கொண்டு வந்தது. இப்போது தேவைப்படுவது வி.எஸ்.டி.3. லொஜிக்குக்கு ஆப்பிளின் ஓடியோ யுனிட். புரோ டூல்ஸுக்கு ஏ.ஏ.எக்ஸ். 2022இல் பிட்விக், யு-ஹி கம்பனிகள் சேர்ந்து வெளியிட்ட கிளாப் வடிவமும் இருக்கிறது. முதல் பதிப்புக்கு வி.எஸ்.டி.3, ஓடியோ யுனிட் இரண்டும் போதும். ஏ.ஏ.எக்ஸுக்குத் தனி ஒப்பந்தமும் தனிக் கையொப்பமும் தேவை, அதைத் தள்ளி வையுங்கள்.

ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனியாக எழுதத் தேவையில்லை. ஜூஸ் என்ற சி பிளஸ் பிளஸ் கட்டமைப்பில் ஒருமுறை எழுதினால் வி.எஸ்.டி.3, ஓடியோ யுனிட், ஏ.ஏ.எக்ஸ். மூன்றும் அதிலிருந்தே வரும். அதன் உரிமம் இரண்டு வகை: உங்கள் கோட்டைத் திறந்து வைத்தால் ஏ.ஜி.பி.எல்., மூடி விற்றால் வணிக உரிமம். வருமானம் குறைவாக இருக்கும்வரை வணிக உரிமத்திலும் இலவச நிலை உண்டு. எல்லைத் தொகை பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் விற்கத் தொடங்கும் முன் அன்றைய நிபந்தனையைப் படியுங்கள். வி.எஸ்.டி.3இன் உரிமத்தை ஸ்டைன்பெர்க் 2025இல் எம்.ஐ.டி. என்ற தளர்வான திறந்த உரிமத்துக்கு மாற்றிவிட்டதால் அந்தப் பக்கத் தலைவலி குறைந்துவிட்டது.

கோட் எழுதி மென்பொருளாகக் கட்டுவதற்கு விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பு, மெக்கில் எக்ஸ்கோட், இரண்டுக்கும் பொதுவாக சி-மேக். மெக் இல்லாவிட்டால் கிட்ஹப்பின் தானியங்கி வசதியில் மெக் பதிப்பைக் கட்டலாம். ஆனால் கட்டுவது வேறு, காதால் கேட்டுப் பார்ப்பது வேறு. பழைய எம்1 மெக் மினி ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி வைப்பதை நான் செலவாகவே பார்க்க மாட்டேன்.

படி 3: சத்தத்தின் கணக்கு

டிலே என்பது அடிப்படையில் ஒரு வட்ட நினைவகம். வரும் ஒலியை ஒரு முனையில் எழுதிக்கொண்டே போகிறோம், சற்றுப் பின்னால் இருந்து வாசிக்கிறோம். எவ்வளவு பின்னால் என்பதுதான் நடை.

வேகம் நிமிடத்துக்கு 90 அடி என்று வைப்போம். ஒரு அடி 666.7 மில்லிசெக்கன். ஒரு செக்கனுக்கு 48,000 மாதிரிகள் (ஒலியை எண்ணாக எடுத்து வைக்கும் புள்ளிகள்) என்ற கணக்கில் அது சரியாக 32,000 மாதிரிகள். சதுஸ்ரம் 8,000. கண்டம் 6,400. இதுவரை அழகு. மிஸ்ரத்துக்கு வந்தால் 4,571.43, சங்கீர்ணத்துக்கு 3,555.56. இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் இருக்கும் இடத்தை எப்படி வாசிப்பது?

பக்கத்தில் இருக்கும் இரண்டு மாதிரிகளுக்கும் நடுவே நேர்கோடு போட்டு மதிப்பை எடுப்பது எளிய வழி. அது மேல் அதிர்வெண்களைக் கொஞ்சம் மங்க வைக்கும். ஒரு தடவை என்றால் தெரியாது. டிலேயில் அதே ஒலி திரும்பத் திரும்ப அதே வழியால் போவதால் மங்கல் சேர்ந்துகொண்டே போகும். மிஸ்ரத்தில், மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையில் வாசிக்கும் சொற்களின் கூர்மை மூன்றாம் நான்காம் திரும்பலிலேயே போய்விடும். நான்கு மாதிரிகளைப் பார்த்துக் கணிக்கும் லக்ராஞ் முறைக்குப் போங்கள். ஜூஸிலேயே அது தயாராக இருக்கிறது.

திரும்பும் அளவு 0.5 என்றால் ஒவ்வொரு தடவையும் ஒலி 6 டெசிபல் குறையும், பத்துத் தடவையில் 60 டெசிபல் இறங்கிக் காதுக்குக் கேட்காமல் போகும். 0.8 என்றால் அதே இறக்கத்துக்கு முப்பதுக்கு மேல் தடவைகள். 1ஐத் தொட்டால் ஒலி அழியாது, தாண்டினால் கூடத் தொடங்கும். குமிழியின் உச்சத்தை 0.95இல் நிறுத்துங்கள். ஹெட்ஃபோன் போட்டிருப்பவரின் காது உங்கள் பொறுப்பு.

நினைவகத்தை எவ்வளவு பெரிதாக எடுப்பது? மிக மெதுவான வேகம் 40 என்று வைத்தால் ஒரு அடி 1.5 செக்கன். 192,000 மாதிரி வேகத்தில் 288,000 மாதிரிகள், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 2.3 மெகாபைட். சின்ன விஷயம். தொடக்கத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

அப்புறம் சொற்கட்டு அழுத்தம். இந்தப் பிளகினை வேறு டிலேக்களில் இருந்து பிரிப்பது இதுதான். வெறுமனே ஐந்தாகப் பிரித்து ஒரே அளவில் திருப்பினால் இயந்திரம் தட்டுவது போல இருக்கும். கண்டத்தை தக தகிட என்று சொல்லும்போது முதலாவதும் மூன்றாவதும் எழும்பும். மிஸ்ரத்தில் தகிட தகதிமி, ஒன்றும் நான்கும். சங்கீர்ணத்தை தகதிமி தக தகிட என்று பிரித்தால் ஒன்று, ஐந்து, ஏழு. ஒவ்வொரு நடைக்கும் திரும்பல்களின் அளவை ஒரு சின்ன அட்டவணையாக வைத்து, அழுத்தம் என்ற குமிழியால் அதைக் கூட்டிக் குறைக்க விடுங்கள். கண்டத்தையே தகிட தக என்று திருப்பிப் பிரிக்கவும் ஒரு பொத்தான் வைக்கலாம். வாத்தியக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து அந்த அட்டவணையின் எண்களைச் சரிபாருங்கள். சூத்திரத்தால் வராத பகுதி இது.

இன்னொன்று: பயனர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடையை மாற்றுவார். வாசிக்கும் முனை சட்டென்று வேறிடத்துக்குத் தாவினால் "டிக்" என்று ஒரு சத்தம் வரும். இரண்டு வாசிப்பு முனைகளை வைத்து, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, 30 முதல் 50 மில்லிசெக்கனுக்குள் மாற்றுங்கள்.

படி 4: நேரத்துக்குள் முடிப்பது

128 மாதிரிகள் கொண்ட பஃபரில் (இசை மென்பொருள் ஒரு தடவைக்குத் தரும் ஒலித் துண்டு) 48,000 வேகத்தில் உங்களுக்குக் கிடைப்பது 2.67 மில்லிசெக்கன். அதுவும் உங்களுக்கு மட்டுமல்ல, அந்தப் பாட்டில் இருக்கும் அத்தனை பிளகின்களுக்கும் சேர்த்து. தவறினால் ஒலி வெட்டுப்படும்.

அதனால் ஒலி ஓடும் பகுதியில் சில வேலைகள் கட்டாயம் கூடாது: புது நினைவகம் கேட்பது, வேறொரு வேலைக்காகப் பூட்டுப் போட்டுக் காத்திருப்பது, கோப்பைத் திறப்பது, பதிவேட்டில் எழுதுவது. இவை சராசரியாக வேகமாகத்தான் முடியும். எப்போதாவது ஒருமுறை நீளும், அந்த ஒருமுறை மேடையில் நடக்கும்.

டிலேக்காரர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. திரும்பல்கள் தேய்ந்து தேய்ந்து மிகமிகச் சிறிய எண்களாகும்போது சில புரொசசர்கள் அவற்றைக் கணக்கிடத் திணறும். பாட்டு நின்ற பிறகு சி.பி.யு. ஏறினால் காரணம் இதுதான். ஜூஸில் ஒரு வரி போட்டால் அந்த எண்களைச் சுழியமாக்கிவிடும்.

படி 5: பழைய பாட்டு மறுபடி திறக்க வேண்டும்

ஒவ்வொரு குமிழிக்கும் உள்ளே ஒரு அடையாளப் பெயர் கொடுப்பீர்கள். கம்பனிக்கு நான்கு எழுத்துக் குறியீடு, பிளகினுக்கு நான்கு எழுத்துக் குறியீடு. வெளியிட்ட பிறகு இவற்றில் ஒன்றையும் மாற்றக்கூடாது. மாற்றினால் போன வருடம் உங்கள் பிளகினை வைத்துச் செய்த பாட்டு இந்த வருடம் திறக்கும்போது குமிழிகள் எல்லாம் தொடக்க நிலைக்குப் போயிருக்கும், அல்லது பிளகினே காணாமல் போகும். திரையில் தெரியும் பெயரை எத்தனை தடவையும் மாற்றலாம், உள்ளே இருக்கும் பெயரைத் தொடாதீர்கள்.

வேகத்தை இசை மென்பொருளிடம் கேட்டு வாங்குகிறீர்கள் அல்லவா, சில வேளை அது பதில் தராது. அப்போது 120 என்று எடுத்துக்கொள்ளுங்கள். குமிழி திருகும்போது மதிப்பு படிப்படியாக மாறட்டும், 20 மில்லிசெக்கன் போதும்.

படி 6: முகப்பு

சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் மாதக்கணக்கில் மூழ்கிப் போகிறார்கள். எல்லாக் குமிழிகளும் ஒரே திரையில். 1366க்கு 768 திரை உள்ள பழைய லெப்டொப்பிலும் முழுதாகத் தெரிய வேண்டும். நடைப் பெயர்களைத் தமிழிலும் காட்ட விரும்பினால் ஜூஸ் 8 அல்லது அதற்குப் பிந்தியதை எடுங்கள். எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்கும் வேலையை அது ஒழுங்காகச் செய்கிறது, கொம்பும் காலும் சிதறாது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைப் பிளகினுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், உரிமம் அனுமதிக்கிறது.

படி 7: சோதனை

முதலில் இயந்திரச் சோதனை. பிளகின்வால் என்ற இலவசக் கருவி உங்கள் பிளகினைத் திறந்து மூடி, தாறுமாறாகக் குமிழி திருகி, விநோத அளவு பஃபர்களைக் கொடுத்து உடைக்கப் பார்க்கும். அதன் உச்சக் கடுமை 10. அதில் தேறும்வரை விடாதீர்கள். மெக்கில் ஆப்பிளின் சோதனையில் தேறாத பிளகினை லொஜிக் பட்டியலில் காட்டவே காட்டாது.

அடுத்து உண்மையான மென்பொருள்கள். எஃப்.எல். ஸ்டூடியோ ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு அளவு பஃபர் அனுப்பும். "எப்போதும் 512தான் வரும்" என்று நம்பி எழுதிய கோட் அங்கே விழும். ரீப்பரை 60 நாள் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம், சோதனைக்கு மிக வசதி. 44,100, 48,000, 96,000 மூன்றிலும் ஓட்டுங்கள். பாட்டை நேரடியாக ஓடவிட்டு ஒரு கோப்பு, வேகமாக ஏற்றுமதி செய்து ஒரு கோப்பு எடுத்து, ஒன்றின் அலையை மேல்கீழாகத் திருப்பி இரண்டையும் ஒன்றாக இயக்குங்கள். முழு அமைதி வர வேண்டும். ஏதாவது கேட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

கடைசியாக மனிதர்கள். கொட்டாஞ்சேனையில் தேவாலயப் பாடல் பதிவு செய்பவர், பம்பலப்பிட்டியில் விளம்பரத்துக்கு ஜிங்கிள் போடுபவர், கோயில் கச்சேரிகளைப் பதிவு செய்யும் தம்பி, இப்படி வேறுவேறு வேலை செய்பவர்களிடம் கொடுங்கள். "எப்படி அண்ணா இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்கு தம்பி" என்றுதான் வரும், நம் ஆட்கள் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து, அவர் கை எந்தக் குமிழியைத் தேடி அலைகிறது என்று பாருங்கள். அவர் ஒரு பொத்தானைத் தொடவே இல்லையென்றால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று யோசியுங்கள்.

படி 8: கையொப்பம்

மெக்கில் ஆப்பிளின் டெவலப்பர் திட்டத்தில் சேர வருடம் 99 டொலர். அதில் கிடைக்கும் சான்றிதழால் கையொப்பமிட்டு, பொதியை ஆப்பிளுக்கு அனுப்பி ஒப்புதல் முத்திரையும் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பயனருக்கு எச்சரிக்கைதான் தெரியும். எம் வகைச் சிப்புக்கும் பழைய இன்டெலுக்கும் ஒரே கோப்பாகக் கட்ட மறக்காதீர்கள்.

விண்டோஸில் கையொப்பம் கட்டாயம் இல்லை. ஆனால் இல்லாவிட்டால் நிறுவும்போது திரை மிரட்டும், காசு கொடுத்தவர் பயப்படுவார். 2023 ஜூனில் இருந்து கையொப்பச் சாவி யு.எஸ்.பி. டோக்கன் போன்ற வன்பொருளில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. டோக்கன் வெளிநாட்டில் இருந்து கூரியரில் வரவேண்டியிருக்கலாம், ஆள் அடையாளச் சரிபார்ப்பும் நேரம் எடுக்கும். வெளியீட்டு நாளைக் குறிப்பதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள்.

படி 9: பூட்டு எவ்வளவு?

திருட்டுப் பிரதி வரும். கொழும்பு ஸ்டூடியோக்களில் பலர் கிரக் செய்த மென்பொருளில் வளர்ந்தவர்கள்தான், ஒளிக்க என்ன இருக்கிறது. அதற்காக இணையம் இல்லாவிட்டால் ஓடாத பூட்டுப் போடுவது காசு கொடுத்தவரைத் தண்டிப்பது. 2022இல் இந்த நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் போயிருந்தது. ரவுட்டர் செத்தாலும் லெப்டொப் பற்றரியில் வேலை செய்தவர்கள் எத்தனையோ பேர். வாங்கியவர் பெயரோடு ஓர் உரிமக் கோப்பு, ஒருமுறை போட்டால் போதும். இதுவே என் தெரிவு.

மாதச் சந்தா பற்றியும் யோசனை வரும். வேவ்ஸ் 2023 மார்ச்சில் நிரந்தர உரிமங்களை நிறுத்திச் சந்தா மட்டும் என்று அறிவித்தது. எழுந்த எதிர்ப்பில் சில நாட்களுக்குள்ளேயே நிரந்தர உரிமத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அத்தனை பெரிய கம்பனிக்கே அந்தப் பாடு.

படி 10: பதிவும் காசும்

தொடக்கத்தில் தனியாள் வியாபாரமாக பிரதேச செயலகம் வழியாகப் பெயர் பதிந்தால் போதும். வருமானம் வளர்ந்ததும் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் கம்பனியாக மாற்றலாம். ஒரே பங்குதாரர் போதும், ஆனால் கம்பனிச் செயலாளர் ஒருவர் வேண்டும். பதிவை இணையத்தில் செய்யலாம். கம்பனிப் பதிவாளர் திணைக்களமும் தேசிய புலமைச் சொத்து அலுவலகமும் கொழும்பு 10, டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் சமாகம் மெதுர என்ற ஒரே கட்டடத்தில் இருப்பதால், வர்த்தகக் குறி விசாரிப்பதையும் அதே நாளில் முடிக்கலாம். பெயரை உலக அளவிலும் தேடிப் பாருங்கள். இசை மென்பொருள்களில் நல்ல பெயர்கள் பெரும்பாலும் போய்விட்டன.

காசு வாங்குவதுதான் இங்கே கடினம். பேபாலில் இலங்கையில் இருந்து காசு அனுப்பலாம், வாங்குவது நீண்டகாலச் சிக்கல். அட்டை வழியாகக் காசு வாங்கித் தரும் ஸ்ட்ரைப் இலங்கைக் கம்பனிகளுக்குக் கணக்குத் தருவதில்லை. நடைமுறை வழி, பேடில், ஃபாஸ்ட்ஸ்பிரிங் போன்ற சேவைகள். சட்டப்படி விற்பவர் அவர்களே. ஐரோப்பிய வற் போன்ற வரிகளையும் அவர்களே பார்த்துக்கொண்டு மீதியை உங்களுக்கு அனுப்புவார்கள். இலங்கைக்கு எந்த வழியால் அனுப்புவார்கள், வங்கிக்கா, பயோனியர் என்ற பணச் சேவைக்கா என்பதைக் கணக்குத் திறக்கும் முன்பே கேளுங்கள். பேடிலின் கட்டணம் ஒரு விற்பனைக்கு 5 சதவீதமும் 50 அமெரிக்கச் சதமும். 29 டொலர் பிளகினில் அது 1.95 டொலர். 10 டொலர் பிளகினில் 1 டொலர், பத்தில் ஒரு பங்கு போய்விடும். மிக மலிவாக விலை வைப்பதன் வலி இங்கேதான் தெரியும்.

உள்ளூர் வாடிக்கையாளருக்கு பேஹியர் என்ற இலங்கைக் கட்டணச் சேவை வழியாக ரூபாவில் தனி விலை வைக்கலாம். ஆனால் உள்ளூர் விற்பனையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கொழும்பு உங்கள் சோதனைக்கூடம், சந்தை வெளியே இருக்கிறது.

வரிக்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கம் எடுக்க வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் ரூபாவரை விலக்கு. வங்கி வழியாக நாட்டுக்குள் வரும் வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கு உச்ச வீதம் 15 சதவீதம். பிளகின் உரிம விற்பனை அந்த வகைக்குள் வருமா என்பதைக் கணக்காளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 11: வெளியிட்ட வாரம்

கே.வி.ஆர். ஓடியோ என்ற பிளகின் இணையதளத்தின் பட்டியலில் சேருங்கள். மூன்று நிமிட வீடியோ ஒன்று போதும்: ஒரு மிருதங்கப் பதிவு, ஒரு கிட்டார், ஒரு சிந்த், மூன்றிலும் கண்டமும் மிஸ்ரமும். பேச்சைக் குறைத்து ஒலியைக் கேட்க விடுங்கள். சோதனைப் பதிப்பு இலவசமாக இருக்கட்டும். நிமிடத்துக்கு ஒருமுறை சில செக்கன் அமைதியாகும் வகை போதும்.

அந்த வாரம் வேறு வேலை வைக்காதீர்கள். "திறக்கவில்லை" என்று ஒற்றை வரியில் மின்னஞ்சல் வரும். மென்பொருளின் பெயரும் பதிப்பும், இயங்குதளம், சிப், மாதிரி வேகம் ஆகியவற்றைக் கேட்கும் பதில் ஒன்றை முன்கூட்டியே எழுதி வையுங்கள். முகப்பின் ஒரு மூலையில் பதிப்பு எண் தெரியட்டும். அதை அழுத்தினால் இந்த விவரங்கள் எல்லாம் நகலாகும்படி செய்தால் பாதிக் கேள்விகள் குறையும். ஒரே பிழையை இரண்டு பேர் சொன்னால் அன்றே திருத்தத் தொடங்குங்கள். திருத்திய பதிப்பை மறுபடி பிளகின்வாலில் ஓட்டி, முந்தைய பதிப்பில் செய்த பாட்டு ஒன்றைத் திறந்து குமிழிகள் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அனுப்புங்கள்.